இடது ஓரத்துச் சக்கரம்

அந்த வரியை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

‘பாடுகிறவரின் குரல் எங்கே போகிறதோ, இந்தக் கீபோர்டும் தானாகக் கேட்டு அங்கே போகும்.’

சாப்பிட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

எத்தனையோ விண்வெளி நாவல்கள் எழுதியவர். காலையில் திண்டுக்கல் நூலகத்தில் அவருக்குச் சால்வை போர்த்தியவர்கள்கூட அவற்றிலிருந்து ஒரு வரி சொல்லவில்லை. இவள் சொன்னதும் நாவலில் வந்ததல்ல. ஓர் இசைப் பத்திரிகையில் அவர் மாதாமாதம் எழுதிவந்த கருவி விமர்சனங்களில் ஒன்றில் வந்தது.

அது பொய்.

வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. அதை எழுதிய வாரம் கையில் இரண்டு வேலை. ஒன்று, வயதான பாடகருக்காகத் தன் சுருதியைத் தானே இறக்கிக்கொள்ளும் இயந்திரம் பற்றிய விண்கலக் கதை. இன்னொன்று, இந்தக் கீபோர்டுக்கு விமர்சனம். கீபோர்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல், கம்பெனி அனுப்பிய கையேட்டை வைத்தே எழுதினார். கதையில் இருந்த இயந்திரம் சத்தமில்லாமல் விமர்சனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அச்சில் வந்தபோதே பார்த்துவிட்டார். ஒரு வரித் திருத்தம் போட்டிருக்கலாம். பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். இதை நம்பி யார் வாங்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

வாங்கியவர்கள் இதோ எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். பவுலின், மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். அவள் கணவர் இன்னாசி, அதே குழுவில் கீபோர்டு. கூட்டம் முடிந்ததும், வீட்டுக்குச் சாப்பிட வந்தே ஆகவேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள்.

“தைராய்டு ஆபரேசனுக்கு அப்புறம் பாதிப் பாட்டுல எனக்கு சுருதி எறங்கிரும் சார். ஊர்ல சிரிச்சாங்க. இனிமே மேடையே வேணாம்னு இருந்தேன். நீங்க எழுதுனத இவருதான் வாசிச்சுக் காமிச்சாரு. அப்புறந்தான் இத வாங்குனோம்.”

இன்னாசி தலையைத் தூக்காமல் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சொல்லிவிட வேண்டும். கை கழுவியதும் சொல்லிவிட வேண்டும்.

கை கழுவிவிட்டு வந்தார்.

அதற்குள் அவள் கீபோர்டுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். சாருக்கு ஒரு பாட்டுப் பாடாமல் எப்படி அனுப்புவது? இன்னாசி வேறு வழியில்லாமல் ஸ்விட்சைப் போட்டார்.

நல்ல குரல். சரணத்துக்கு வந்ததும் சறுக்கியது. கொஞ்சம்தான். ஆனால் சறுக்கியது.

அவர் தரையைப் பார்த்தார். இனி குரல் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் என்று போகும். தன் குட்டு இப்போது உடையும்.

உடையவில்லை.

குரல் இறங்க, கூடவே கீபோர்டும் இறங்கியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம். பல கீபோர்டுகளில் இருப்பதுதான். உருட்டிப் பிடித்தால் சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இன்னாசியின் இடது கட்டைவிரல் அதன் மேல் இருந்தது. வலது கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. கண் பவுலினின் முதுகைவிட்டு அசையவில்லை.

அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் நூலக வாசலில் யாரோ இன்னாசியை ‘ஒத்தக்கை’ என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். இன்னாசியும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தார்.

பொய்யை எழுதியது அவர். இத்தனை காலம் அதைச் சுமந்தது அந்த விரல்.

பாட்டு முடிந்தது.

“மனுசங்கதான் சார் சிரிக்கிறாங்க. இது ஒரு நா கூட என்னய விட்டுட்டுப் போனதில்ல.” பவுலின் கீபோர்டின் விளிம்பைத் தடவினாள். “அதுவாவே கேட்டுக்குதுல்ல?”

இன்னாசி அவரைப் பார்த்தார். விரலை இன்னும் எடுக்கவில்லை.

இனி உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அதுவாவே கேக்கும்மா.”

பவுலின் அவருடைய வலது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எழுதுகிற கை. பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடுங்கவில்லை.

அவள் தோளுக்குப் பின்னால், இன்னாசி தன் இடது கட்டைவிரலை மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.