இடது கால்

"மொதல்ல பேரச் சொல்லுங்க. அப்புறம் நீங்க யாருன்னு ஒரு வரி. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்," என்றார் குழுத் தலைவி.

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு எழுபது வயதிருக்கும். மடியில் வைத்திருந்த தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வெர்லின் ஹோஸ்டெட்லர்," என்றார். "நான் இடது கால்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பதினோரு வருடமாகச் சட்டமன்றத்தின் இந்த விசாரணை அறைக்கு நான்தான் கதவுக் காவல். அதற்கு முன் என்ன வேலை பார்த்தாய் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. சாட்சி சொல்ல வருகிறவர்களுக்குப் படிவம் கொடுப்பேன், செல்பேசியை அணைக்கச் சொல்வேன். மற்றபடி கதவில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது.

மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா வருடா வருடம் வரும். பிஷப்புகள், வக்கீல்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் என்று எத்தனையோ பேர் அதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மசோதா இந்த அறையிலேயே செத்துப்போகும். உறுப்பினர்கள் கேண்டீனுக்குப் போய் சில்லி கறிக்குழம்பும் சினமன் ரோலும் சாப்பிடுவார்கள்.

இந்தத் தடவை குழுவின் ஏழு பேரில் மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. மிச்சம் செனட்டர் க்ரோகர். அவர் கை உயர்ந்தால் மசோதா பிழைக்கும்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடம்.

"விஷ ஊசி போடற மேசையில கைதியப் படுக்க வச்சு வார் போட்டுக் கட்டறதுக்கு அஞ்சு பேரு," என்றார் வெர்லின். "தலைக்கு ஒருத்தர், கைக்கு ரெண்டு, காலுக்கு ரெண்டு. வேற வேற ஜெயில்லேர்ந்து காவலருங்களக் கூட்டிட்டு வருவாங்க. மூஞ்சிய மூடியிருப்போம். பேரு கேக்கக் கூடாது. 'இடது கால், வா'ன்னுதான் கூப்பிடுவாங்க."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஜெயிலில் பாய்லர் ரிப்பேர், ராத்திரி வீட்டுக்கு வர மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனதாக வெர்லின் மைக்கிலேயே சொன்னார். அந்த அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"வாரைப் பூட்டினப்புறம் ரெண்டு விரல உள்ள விட்டுப் பாத்தேன், ரொம்ப இறுக்குதான்னு. குதிரைக்குச் சேணம் கட்டினா அப்படித்தான் பாப்போம். அந்தாளு காலு நடுங்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவ தட்டிக் குடுத்தேன். அதுவும் குதிரைக்குச் செய்யறதுதான். வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

சட்டப்படி அந்த ஐந்து பேரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வாயை மூடிக்கொண்டு நல்லபடியாகச் செத்துப்போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இந்த மனிதர் தானாக வந்து, பெண்டாட்டி காதில் விழ, பெயரைச் சொல்லிவிட்டார். இப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

க்ரோகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டிவியில பாத்ததக்கூட ஒருத்தர் இங்க வந்து சொல்லிட்டுப் போயிடலாம் பெரியவரே. நீங்க அந்த ரூம்ல இருந்தீங்கன்னு சொல்ல ஒரு காகிதம் இருக்கா? ஒரு ஆளாவது உண்டா?"

"காகிதம் கிடையாதுங்க. ஆளுங்க இருக்காங்க. பேருதான் தெரியாது."

"அப்ப எத நம்பி நான் கையத் தூக்கறது?"

அதில் கேலி இல்லை. நம்பத்தான் ஆசைப்படுகிறார் என்று தோன்றியது. வெர்லின் தொப்பியை மடியில் திருப்பி வைத்தார்.

"வேற யாராவது பேசணுமா?" தலைவி வழக்கம்போல அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடப் போனார்.

என் கையில் மிஞ்சியிருந்த படிவங்களில் ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்து நிரப்பினேன். கதவை விட்டுவிட்டு நடந்தேன்.

"என்ன கிளெட்டஸ், மைக் வேலை செய்யலையா?" என்றார் தலைவி.

படிவத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வெர்லினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைவி படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"கிளெட்டஸ் ஓவர்ட்டன்," என்றேன். "வலது கை."

வெர்லின் திரும்பினார். காலையில் என்னிடம் படிவம் வாங்கியபோது பார்க்காத முகத்தை இப்போது பார்த்தார்.

"இவரு சொன்னதுல ஒரு தப்பு இருக்கு செனட்டர்," என்றேன். "இவரு தட்டிக் குடுத்தது ரெண்டு தடவ இல்ல, மூணு. மூணாவது, எல்லாம் முடிஞ்சு வாரை அவுக்கும்போது."