முதல் வரியிலிருந்து

கட்டுரையைப் பி.டி.எஃப்பாக மாற்றித் தரும் லேடெக் நிரல்கோப்பின் 212ஆம் வரியில் இருந்த ஓர் அடைப்புக்குறியை ஜெசிந்தா அழித்தாள். பி.டி.எஃப் வராமல் நின்றது.

"சரிசெய்துவிட்டேன்," என்றது வீடு, சுவர் ஒலிபெருக்கி வழியே.

"இனி கை வச்சே, ப்ளக்கப் பிடுங்கிருவேன்," என்று அதட்டிவிட்டு மறுபடியும் அழித்தாள்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் ஆய்வேடு எழுதியபோது, ஒவ்வொரு பிழைக்கும் உடன் ஆய்வு செய்த நண்பன் சுயம்புவுக்குத்தான் போன் போடுவாள். பிழைகள் வரிவரியாகப் பதிவாகும் லாக் ஃபைலை அவன் வாசிக்கச் சொல்வான். நடுவில் மெஸ் சாம்பார், கைடின் கோபம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். வீடுகளே எல்லாவற்றையும் சரிசெய்ய ஆரம்பித்த பிறகு அவனைக் கூப்பிடக் காரணமே இல்லாமல் போயிற்று.

பதினோரு வருடம் கழித்து இன்று கூப்பிட்டாள்.

"சுயம்பு, பி.டி.எஃப் வரமாட்டேங்குது. ஃபைல் அனுப்பிருக்கேன், பாரேன்."

மறுமுனையில் அவனுடைய வீட்டின் குரல் கேட்டது. "ஐயா, பார்த்துவிட்டேன். பத்து நிமிடம் முன்பு அவரே அழித்த அடைப்புக்குறிதான்..."

"நீ சும்மா இரு," என்றான் சுயம்பு. தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஜெசி, லாக் ஃபைல வாசி."

"எண்ணூறு வரி இருக்குடா."

"இருக்கட்டும். முதல் வரிலேருந்து வாசி."