கோடுகள் நடந்த தட்டு

ஒரு கணினிக்குள் இரண்டு ஏவலாட்கள் குடியிருந்தார்கள். நுண்ணோக்கி அனுப்பும் படங்களில் செல் இருக்கும் இடத்தில் புள்ளி வைப்பது மூத்தவன் வேலை. அந்தப் புள்ளிகளைக் கோடாக இணைத்து, எந்த செல் எங்கே நகர்ந்தது என்று காட்டுவது இளையவன் வேலை. ஏதாவது செல் மங்கிவிட்டால், இளையவன் தானே ஓர் ஊகப் புள்ளி வைத்துக் கோட்டை நீட்டிவிடுவான்.

அன்று கண்ணாடித் தட்டில் புது மருந்து விட்டிருந்தார்கள். செல்கள் நின்று மங்கி மறைந்துபோனால் அது விஷம். நகர்ந்துகொண்டே இருந்தால் மருந்து மனிதர்களுக்குப் போகும்.

"தம்பி, ஓரத்து செல்லைக் காணோம்டா."

"மங்கலா இருக்கும்ணே. நான் பார்த்துக்கறேன்."

"அடுத்த படத்துலயும் இல்லையேடா."

"உங்களுக்குக் கண்ணு போச்சு. எவ்வளவு அழகா நடக்குது பாருங்க!"

படத்துக்குப் படம் புள்ளிகள் குறைந்தன. கோடுகள் மட்டும் நிற்கவில்லை.

கடைசிப் படத்தில் மூத்தவன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அப்போது தட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"நாங்க எல்லாரும் அப்பவே செத்துட்டோம் சாமி. எங்க பேருல நடக்கிறது யாரு?"

இளையவன் பதறிப்போய்க் கோடுகளை அழிக்கப் பார்த்தான். அவை அழியவில்லை. அவன் இழுக்காமலே, குரல் வந்த பக்கமாக எல்லாம் ஒன்றாகத் திரும்பி நகர்ந்தன.

வெளியே ஆய்வுக்கூடத்துப் பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அட, எல்லாம் உயிரோட ஓடுதே!"

மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு அவள் மருத்துவமனைப் பக்கம் நடந்தாள்.