மேல்பூச்சு

“யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?”

தலைமை ஆசிரியை கேட்டது இவ்வளவுதான். கொத்தனாருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் வகுப்புச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுக் கிடந்தது. கொத்தனாருடைய மகள் உட்காருவது அதை ஒட்டித்தான். பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்க்க மத்திய அரசு பணம் தரலாமா என்று பார்க்க, தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகக் கேள்விப்பட்டார். வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு விடுமுறை நாளில் வேலையில் இறங்கிவிட்டார்.

விரிசலை அடைத்து, பூசி, வெள்ளையடித்து... சுவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

ஒரு நல்ல வார்த்தை சொல்ல அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடியும் சுவர், மறுபடியும் வாசல். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கார் வந்துவிட்டது.

அதிகாரி நின்று பேசுகிற ஆளில்லை. நடந்துகொண்டே கேட்டார், நடந்துகொண்டே எழுதினார். ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்தது. கொத்தனாருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

“பிரமாதமா இருக்கே! ஊர்க்காரங்களே இப்படிப் பார்த்துக்கிட்டா மத்திய அரசு எதுக்குப் பணம் தரணும்?”

நகராட்சி கையை விரித்துவிட்டது என்று தலைமை ஆசிரியை எடுத்துச் சொன்னார். பள்ளிக்கூடம் என்பது அந்தந்த ஊர் பாடு, எல்லாவற்றுக்கும் தலைநகரத்தை எதிர்பார்த்தால் எப்படி என்று சொல்லிவிட்டு, அதிகாரி பேனாவை மூடினார்.

சுவர் பளிச்சென்று இருந்தால் பணம் வரும் என்று கொத்தனார் நினைத்திருந்தார். பளிச்சென்று இருப்பதாலேயே போகப் போகிறது. அதிகாரி வாசற்படி வரைக்கும் போய்விட்டார். இவருக்கு நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. மூலையில் கிடந்த பூச்சுக் கரணையைப் பாய்ந்து எடுத்தார்.

“ஐயா, கொஞ்சம் இங்க பாருங்க.”

இரண்டே கொத்து. ஈரம் காயாத பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கை நுழைகிற அளவுக்கு விரிசல்.

“நான் வாங்குற ஒவ்வொரு சிமென்ட் மூட்டைக்கும் தலைநகருக்கு வரி போகுதுங்களே. அதுல கொஞ்சம் என் பொண்ணு படிக்கிற இடத்துக்குத் திரும்பி வரக் கூடாதுங்களா?”

அதிகாரி திரும்பி வந்தார். விரிசலைப் பார்த்தார், கரணையைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

“அப்ப, நான் பார்க்கக் கூடாதுன்னுதான் இதை மூடி வச்சீங்களா?”

தலைமை ஆசிரியை குறுக்கே வந்தார்.

“சார், இவருக்கு வேலையே தெரியாது. மேல பூசிட்டா விரிசல் சரியாயிடும்னு நினைக்கிற அரைகுறை. இவர்கிட்டப் போய் என்ன கேட்கறீங்க?”

ஜன்னலுக்கு வெளியே கொத்தனாரின் மனைவி நிற்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் நிற்கிறார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். தலைமை ஆசிரியை ஒரு முறை முறைத்தார். இவர் வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

அதிகாரி சிரித்துவிட்டார். விரிசலைப் படம் பிடித்துக்கொண்டார். பணத்துக்குப் பரிந்துரை செய்வதாகவும், அதுவரை பிள்ளைகளை வேறு அறையில் உட்கார வைக்கும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், கொத்தனார் பொரிந்துவிட்டார்.

“விரிசலைக் காட்டினதே நான்தான் டீச்சர். அத்தனை பேர் முன்னாடி என் தொழிலை ஏன் கேவலப்படுத்துனீங்க?”

தலைமை ஆசிரியை தெருமுனையை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“தெரிஞ்சே மறைச்சீங்கன்னு அவர் எழுதியிருந்தா, பணமும் போயிருக்கும், உங்க எல்லார் மேலயும் கேஸும் வந்திருக்கும். வேலை தெரியாம செஞ்சதுக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டனை கிடையாது, மேஸ்திரி.”