பின்கழுத்து விசிறி

போன வரன் தட்டிப்போனதற்குக் காரணம், தாமிராவின் பின்கழுத்தில் பதித்திருந்த கணினிதான். மனசுக்கு மாறாகப் பேசினால் அது சூடேறிவிடும். "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?" என்ற கேள்விக்கு அவள் தலையாட்டுவதற்குள் அதன் விசிறி மிக்ஸி மாதிரி அலறியது. வந்தவர்கள் கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

இந்த முறை அம்மா வடிவு விடுவதாக இல்லை. மகளைக் குப்புறப் படுக்கவைத்துத் தூசியைத் துடைத்தாள். குட்டி விசிறியைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றும் அகல விசிறியை ரப்பர் வளையங்கள் வைத்துப் பொருத்தினாள். என்ன ஆனாலும் வேகம் கூடாதபடி அதைப் பூட்டியும் விட்டாள்.

"சூடு தாங்குமாம்மா?"

"ஏட்டி, ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு."

கணினி தெரியாமலிருக்க மேலே மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டாள்.

மாலையில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள், "எங்க பையனைப் பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்கு," என்றாள் தாமிரா.

விசிறியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வடிவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர்கள் காலில் விழ மகள் குனிந்தாள். சற்றுமுன் வைத்த மல்லிகை கருகிப் பழுப்பாகத் தொங்கியது.

வடிவு அந்தப் பூவையே பார்த்தபடி நின்றாள். பிறகு சரத்தை விலக்கி, விசிறியின் பூட்டைத் திறந்துவிட்டாள். கூடமே அதிரும்படி அது அலறியது.

"மன்னிச்சிக்கிடுங்க," என்று அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினாள் வடிவு. "எம்மவளுக்குப் பிடிக்கலை."