ஒரு வீசைக் கனம்

அரத்தின் பல்லுக்குள் அலுமினியத் தூள் அடைத்துக்கொண்டது.

இரும்பென்றால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இந்தச் சனியன் பிடித்த உலோகம் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுருளியாண்டி அரத்தைக் கல்லில் தட்டினான். சுண்ணாம்புக் கட்டியை அதன்மேல் ஒரு தேய் தேய்த்துவிட்டு மறுபடி ராவ ஆரம்பித்தான்.

பட்டையைப் பிடித்துக்கொள்ள ஆளோ கருவியோ கிடையாது. புளியங்கட்டையின் மேல் கிடத்தி இடது காலால் மிதித்துக்கொள்வான். ஒரு ரம்பம், ஒரு அரம், ஒரு சுத்தியல், இரண்டு கால். அவன் பட்டறை அவ்வளவுதான்.

செய்துகொண்டிருந்தது பழகுவதற்கான வாள். நீளம், அகலம், வளைவு எல்லாம் கோயில் வாள் மாதிரியே இருக்கும். வெட்டத்தான் வெட்டாது.

கோயில் வாள் வருஷம் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் பூட்டிக் கிடக்கும். திருவிழா அன்று காலையில்தான் ஏட்டய்யா கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விடுவார். அதுவரைக்கும் வாள் எடுக்கிறவன் வீட்டில் செய்த இதை வைத்துத்தான் பழகியாக வேண்டும்.

சும்மா சுழற்றிக் காட்டுகிற வீச்சும் இல்லை அது. அம்மன் முன்னால் சாக்கு விரித்து ஒருத்தன் மல்லாந்து படுப்பான். அவன் தொண்டைக்குழியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மேலே போன வாள் இறங்கிப் பழத்தை இரண்டாக்கிவிட்டு, தோலில் ஒரு கீறல் விழாமல் நிற்க வேண்டும். வெட்டுவதை எவனும் வெட்டுவான். நிறுத்துவதில்தான் சங்கதி இருக்கிறது.

சுருளியாண்டி ஒன்பது வருஷம் நிறுத்தியிருக்கிறான்.

பத்தாவது வருஷம் யுத்தம் வந்துவிட்டது. பழகி வந்த இரும்பு வாள் ஒடிந்துபோக, புதிதாக ஓர் இரும்புப் பட்டைக்கு நாய் படாத பாடு பட்டும் கிடைக்கவில்லை. மலைமேல் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட பெரிய அலுமினியத் தகடு ஒன்றைத் தவசிதான் தலைச்சுமையாகக் கீழே கொண்டுவந்தான். தவசி, சுருளியாண்டியின் தங்கை மூக்கம்மாளின் புருஷன். மச்சானுக்கு ஒன்றென்றால் மலையையே தூக்கி வருகிற ஆள்.

தகட்டில் பாதியை அறுத்து வாள் செய்தான். கைக்குப் பூ மாதிரி இருந்தது. இரண்டு மாசம் அதை வீசிப் பழகினான்.

கோயில் வாள் ஒரு வீசை எடை. இது அரை வீசைக்கும் குறைவு. ஒன்பது வருஷம் இரும்பில் பழகினவனுக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. லேசை நிறுத்திப் பழகிய கை, திருவிழா அன்று கனத்தை நிறுத்தவில்லை.

சாக்கில் படுத்திருந்தது தவசி.

கை தவறியது என்று எழுதிக்கொண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். சுருளியாண்டி மட்டும் கோயில் வாசலில் உட்கார்ந்து, கனம் வேற, கனம் வேற என்று பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். ஊரே கேட்டது. மூக்கம்மாளும் கேட்டாள்.

இந்த வருஷம் வாள் எடுக்கப் போகிறவன் தவசியின் தம்பி கருத்தக்கண்ணன். அவனுக்காகத்தான் அந்தத் தகட்டின் மறுபாதியை இப்போது ராவிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை சுருளியாண்டி ஏமாறவில்லை. கண்மாயில் மீன் பிடிக்கிறவர்களிடம் வலைக்குண்டு வாங்கி, ஈயத்தை நாடாவாகத் தட்டி, வாளின் முதுகு நெடுகச் செப்புக் கம்பியால் கட்டினான். ராக்கையா கடைத் தராசில் நாலு தடவை நிறுத்துப் பார்த்தான். குண்டுமணி கூடாமல் குறையாமல் ஒரு வீசை. சாக்கில் படுக்கிறவன் எழுந்து வீட்டுக்குப் போவான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுக்குக் கஞ்சி தொண்டையில் இறங்கியது.

வாள்மேல் நிழல் விழுந்தது.

நிமிர்ந்தான். மூக்கம்மாள் நின்றிருந்தாள். தவசியை எடுத்த நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவள்.

உட்காரச் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. அவள் குனிந்து வாளை எடுத்தாள். வலது கையில் வைத்துப் பார்த்தாள், இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள். ஈயத்தை நகத்தால் கீறினாள். பிறகு அவன் காலடியிலேயே திரும்ப வைத்தாள்.

"போன வருசம் உங்க கையில இருந்துச்சே, அந்தக் கனத்துலயே இருக்கட்டும்."

அண்ணே என்று சொல்லவில்லை. குரலும் உயரவில்லை. அடுத்த வீட்டில் உப்பு கேட்கிற மாதிரி கேட்டாள்.

 இவள் இப்படிக் கேட்டது கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்திருக்காது. இந்தத் தடவை மச்சான் கனம் பார்த்துச் செய்து கொடுத்த வாள் என்று நம்பி வீசுவான். அப்புறம் காலம் பூராவும் சோற்றில் கையை வைத்துவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதை இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தான். மஞ்சள் கயிறு இல்லாத அவள் கழுத்து கண்ணில் பட்டது.

"சரி ஆத்தா" என்றான்.

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அம்மன் முன்னால் ரத்தம் சிந்திவிட்டால், வெட்டுப்பட்டவன் வீட்டார் மறுவருஷம் வாள் எடுக்க வேண்டும். வெட்டியவன் சாக்கில் படுக்க வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. சுருளியாண்டி போன வருஷமே சரியென்று தலையாட்டியாகிவிட்டது.

செப்புக் கம்பியின் முறுக்கை அவிழ்த்தான். ஈயம் சுருண்டு மடியில் விழுந்தது. வாள் மறுபடி பூ மாதிரி ஆனது.

அரத்துக்கு இன்னொரு தடவை சுண்ணாம்பு தேய்த்தான். வாளின் விளிம்பை இன்னும் கொஞ்சம் மழுக்கினான். பழகும்போது கருத்தக்கண்ணனுக்குக் காயம் கீயம் பட்டுவிடக் கூடாது.