கரையில் குவிந்த புல்லுக்கட்டுகள்

வெள்ளம் சூழ்ந்த மேட்டில் முயல்கள் பட்டினி கிடந்தன. கழுதை புல்லுக்கட்டுகளை ஆற்றங்கரைக்குச் சுமந்து வந்தது. ஆமை அவற்றை ஒவ்வொன்றாக அக்கரை மேட்டில் சேர்த்தது. கழுதை வேகமாக ஓட ஓட, கரையில் கட்டுகள் மலையாகக் குவிந்தன.

“சீக்கிரம் போப்பா! குட்டிகள் சுருண்டு கிடக்குதுங்க!” என்றது கழுதை.

“நீந்துறதுக்கு நேரமாகல அண்ணே. சேத்துல ஏறிவந்து கட்டை எடுக்கிறதுக்குள்ளதான் உசிரு போகுது,” என்றது ஆமை.

கழுதை ஓட்டத்தை நிறுத்தியது. கட்டைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றது. ஆமை திரும்பும்போதெல்லாம் அதன் முதுகில் ஒரு புல்லுக்கட்டை வைத்தது. ஆமை அதன்பின் கரையேறவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் கரை காலியானது. அக்கரையில் குட்டிகள் புல்லை மென்றன. கழுதை தலைநிமிர்ந்து உரக்கக் கத்தியது. அன்று எந்த முயலும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.